ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் வரிசையைப் பாருங்கள்

"எல்லாம் அப்படியே தொங்கி நிற்கிறது, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்களேன்." தரவுத்தள நிர்வாகிகளின் காதில் அடிக்கடி விழும் கோரிக்கை இது. செய்தால் பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. வம்பே அதில்தான் இருக்கிறது. இணைப்புகள் அறுந்து, பூட்டுகள் (ஒருவர் பயன்படுத்தும் தரவில் மற்றவர் குறுக்கிடாதபடி வைக்கும் தடைகள்) விடுபட்டு, செயலி மீண்டும் ஓடத் தொடங்கும். எது எதைத் தடுத்தது என்ற தடயமும் அதோடு அழிந்துபோகும். அதே கோளாறு மறுபடி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ரீஸ்டார்ட்டுக்கு வேறு விலையும் உண்டு. நினைவகத்தில் சேர்ந்திருந்த பக்கங்கள் காலியாவதால், சிறிது நேரம் எல்லாவற்றையும் வட்டிலிருந்தே படிக்க வேண்டியிருக்கும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளை அவசரத்தில் 'இமீடியட்' (உடனடி) முறையில் நிறுத்தினால், அது சேகரித்து வைத்திருந்த செயல்பாட்டுப் புள்ளிவிவரங்களும் பூஜ்ஜியமாகிவிடும். எந்த அட்டவணையில் எவ்வளவு செத்த வரிசைகள் (நீக்கிய பிறகும் இடத்தை அடைத்திருக்கும் தரவு வரிசைகள்) கிடக்கின்றன என்பதை, அவற்றைத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்கூம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அறிகிறது.

ஆகவே புகார் வந்ததும் நான் பார்க்கும் முதல் விஷயம், சர்வர் உழைக்கிறதா காத்திருக்கிறதா என்பது. சிபியுவும் வட்டும் திணறினால் உழைக்கிறது. இரண்டும் சும்மா இருக்க, பயனர்கள் மட்டும் தவித்துக்கொண்டிருந்தால் காத்திருக்கிறது. காத்திருக்கும் சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஓரிடத்தில் நான் பார்த்த காத்திருப்பு வரிசையைச் சொல்கிறேன். எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சியைத் திறந்தால் தரவைப் படிக்கும் செலக்ட் வினவல்கள் ஏராளம், எல்லாமே ஒரே அட்டவணைக்காகப் பூட்டில் காத்திருந்தன. "அந்த செலக்டுக்கு இண்டெக்ஸ் போடலாமா?" என்று ஒருவர் கேட்டார், தேடல் வேகமாகும் என்ற எண்ணத்தில். "மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 100 என்றுதானே இருக்கிறது, 500 ஆக்கலாமே" என்றார் இன்னொருவர், இணைப்புகளின் உச்சவரம்பைக் கருதி. இரண்டும் வரிசையின் வாலைப் பிடித்து இழுக்கும் வேலை. யாரை யார் தடுக்கிறார் என்று காட்டும் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற செயற்கூற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், செலக்டுகளுக்கு முன்னால் அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஓர் ஆல்டர் டேபிள் கட்டளை நின்றது. புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்க வந்தது அது. அதற்கும் முன்னால், ஒன்றுமே செய்யாமல் ஓர் இணைப்பு. பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் அதன் நிலைக்குப் பெயர் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்'.

நடந்தது இதுதான். செயலி ஒரு பரிவர்த்தனையை (ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பை) தொடங்கி, அந்த அட்டவணையில் ஒரு சாதாரண செலக்டை ஓட்டிவிட்டு, வெளிச் சேவை ஒன்றின் பதிலுக்காகக் காத்திருந்தது. பதில் வரவில்லை, பரிவர்த்தனையை உறுதிசெய்து முடிக்கும் கமிட்டும் நடக்கவில்லை. செலக்ட் எடுக்கும் பூட்டு மிக இலேசானது, ஆனால் பரிவர்த்தனை முடியும்வரை விடுபடாது. ஆல்டர் டேபிளுக்கு வேண்டியதோ யாரையும் உள்ளே விடாத முழுப் பூட்டு. அது காத்திருக்கத் தொடங்கியதும், பின்னால் வந்த ஒவ்வொரு செலக்டும் அதன் பின்னால் வரிசை கட்டியது. ஆல்டர் டேபிளை மட்டும் ரத்து செய்தாலும் நெரிசல் தீர்ந்துவிடும். ஆனால் தலையில் நின்ற இணைப்பு அப்படியே இருக்கும்.

அந்த இணைப்பை முடிக்க பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இருக்கிறது. இயங்குதளத்தில் போய் 'கில் மைனஸ் 9' அடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். ஒரு செயலாக்கம் அப்படிச் செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி போஸ்ட்கிரஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்பில் இறங்கிவிடும்.

மறுபடி வராமல் இருக்க, இப்படிச் சும்மா நிற்கும் இணைப்பைக் குறித்த நேரத்தில் துண்டிக்கும் 'ஐடில்_இன்_டிரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்' என்ற அமைப்பு 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே கிடையாது. அட்டவணையின் அமைப்பை மாற்றும்போது பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பான 'லாக்_டைம்அவுட்' ஐந்து வினாடி என்று வைத்து, பூட்டு கிடைக்காவிட்டால் விலகி, சிறிது நேரம் கழித்து முயல்வது நல்லது. பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச் சேவையை அழைக்காதீர்கள் என்று நிரலாளர்களிடமும் சொல்லியாக வேண்டும். அமைப்பு மாற்றத்தைவிடக் கடினமான வேலை அதுதான்.

மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் நமக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில், அட்டவணையின் தரவு வரிசைமேல் விழும் பூட்டுக்கு 50 வினாடி காத்திருப்பு வரம்பு உண்டு. ஆனால் அட்டவணை அமைப்பைக் காக்கும் மெட்டாடேட்டா பூட்டுக்கு இயல்பான வரம்பு 3,15,36,000 வினாடி. ஒரு முழு ஆண்டு! ஆரக்கிள் தரவுத்தளத்தில் வி$செஷன் காட்சியில் உள்ள பிளாக்கிங்_செஷன் நெடுவரிசை, யார் தடுக்கிறார் என்ற அதே கேள்விக்குப் பதில் சொல்லும்.

சர்வர் உண்மையாகவே உழைத்துக் களைக்கிறது என்றால் அது வேறு கதை. ஒரு வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையின் வெளியீட்டில் நான் முதலில் தேடுவது நேரத்தை அல்ல. வினவலை எப்படி ஓட்டுவது என்று முடிவுசெய்யும் திட்டமிடி எதிர்பார்த்த தரவு வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியை. 10 எதிர்பார்த்து 10 இலட்சம் வந்திருந்தால் அட்டவணையின் புள்ளிவிவரம் பழசாகியிருக்கலாம். இண்டெக்ஸ் போடுவதற்கு முன், அந்தப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் வினவலை உண்மையிலேயே ஓட்டும். டிலீட்டுக்கு முன்னால் அதைப் போட்டால் வரிசைகள் அழியும். பரிவர்த்தனையைத் தொடங்கும் பிகின், செய்ததைத் திரும்பப் பெறும் ரோல்பேக் இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

மேலிடம் நம் பேச்சைக் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்தே ஆகவேண்டும் என்று நின்றால், செய்யுங்கள். அதற்கு முன் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி, பிஜி_லாக்ஸ் இரண்டின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். முன்கூட்டியே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தால் சில வினாடி வேலை. 'லாக்_லாக்_வெயிட்ஸ்' அமைப்பு அணைந்திருந்தால் அதையும் இன்றே இயக்கி வையுங்கள். ஒரு வினாடிக்கு மேல் நீளும் பூட்டுக் காத்திருப்புகள் பதிவேட்டில் தாமாகவே விழும்.