முன்னால் போகும் லாரிக்கும் நமக்கும் எத்தனை விநாடி?

நாங்குநேரி பக்கம் நான்கு வழிச்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், விநாடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. நடுத்திட்டிலிருந்து ஒரு மாடு இறங்குகிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில், டயர் நன்றாக இருந்தால், நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டர். மாடு தப்பியது.

அதே 45 மீட்டர் தூரத்தில் மாடு. கார் 80-இல் வருகிறது. பிரேக்கில் கால் படும்போதே 33 மீட்டர் கழிந்திருக்கும். மிச்சமுள்ள 12 மீட்டரில் வேகம் 65 வரைதான் இறங்கும். 100-இல் வந்தால், மோதும்போது வேகம் 97! கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 42 மீட்டர் கழிந்துவிடுவதும், பிரேக் பிடித்த தூரம் வேகத்தின் வர்க்கத்தில் (வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு) வளர்வதும்தான் காரணம். நெல்லையிலிருந்து நாங்குநேரி சுமார் 30 கி.மீ.; 80-க்குப் பதில் 100-இல் போனால் மிச்சம் நாலரை நிமிஷம்.

'முன்னால் போகிற வண்டியும் பிரேக் பிடித்துத்தானே நிற்கும், இடைவெளி எதற்கு?' என்பார்கள். பாதி நியாயம். ஒரே வேகம், ஒரே பிரேக் என்றால், சுதாரிக்கும் நேரம் மட்டும் கையில் இருந்தால் போதும். வரிசையாகப் போகும்போதுதான் வினை. எல்லோரும் 80-இல், ஒரு விநாடி (22 மீட்டர்) இடைவெளியில் போகிறார்கள். சுதாரிக்க 33 மீட்டர் போய்விடுவதால், ஒவ்வொருவரும் முன்னவரைவிட 11 மீட்டர் குறைவான தூரத்தில் நின்றாக வேண்டும். முதல் வண்டி பிரேக்கை மெதுவாக மிதித்து 100 மீட்டரில் நின்றால், இரண்டாவதற்கு 89, மூன்றாவதற்கு 78... ஏழாவதற்கு 34 மீட்டர்தான். அழுத்தி மிதித்தாலும் 35-க்கு மேல் வேண்டும். முதல் டிரைவர் மேல் தப்பே இல்லை; இடிபடுவது பின்னால் இருப்பவர்கள்.

அதனால் இடைவெளியை விநாடியில் அளக்க வேண்டும். முன்வண்டி ஒரு கி.மீ. கல்லைத் தாண்டியதும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று எண்ணுங்கள்; அது 2 விநாடி. முடிப்பதற்குள் கல் வந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். ஐப்பசி மழையில் இதை 4 விநாடியாக்குங்கள். நெடுநாள் காய்ந்த சாலையில் முதல் மழை தூசியையும் எண்ணெயையும் குழைத்து வைத்திருக்கும். காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காற்று பைக்கை ஓரமாகத் தள்ளும். அதன் பின்னாலும் கூடுதல் இடம் விடுங்கள்.

'இடம் விட்டால் பஸ்காரர் நுழைந்துவிடுவார்' என்பது உண்மைதான். பத்துப் பேர் நுழைந்தாலும், ஆளுக்கு 2 விநாடி என்று நஷ்டம் 20 விநாடி.

பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் சட்டென்று பிரேக் பிடித்துப் பயமுறுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி முன் இடைவெளியை 4 விநாடியாக்கினால், உங்கள் பிரேக் மிதமாக இருக்கும். அவருக்கும் நேரம் கிடைக்கும். பிறகு இடப்பக்க வரிசைக்கு மாறி அவரைப் போகவிடுங்கள்.