சுக்கானை ஒடிக்காதீர்கள்

ஆறு கடலில் சேரும் மணக்குடி பொழியில் பாய் கட்டிய சின்ன கேட்டமரான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஒல்லியான இரண்டு வள்ளங்களைப் பக்கம்பக்கமாக வைத்துக் குறுக்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்கும். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். மற்றபடி மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம்முடையதற்கும் இதற்கும் பெரிய உறவில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேர் கடற்கரைப் பையன்கள். அலையைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காற்றை எதிர்த்துப் படகைத் திருப்பும்போது அதிகம் மாட்டிக்கொள்வதும் அவர்கள்தான். எல்லாம் இன்ஜின் பழக்கம். வள்ளத்தில் இன்ஜின் கைப்பிடியை ஒடித்தால், விசிறி தள்ளும் திசையே மாறிவிடும்; வள்ளம் சட்டென்று திரும்பும். சுக்கான் அப்படியில்லை, அது எதையும் தள்ளாது. பலகையை ஒட்டி ஓடும் தண்ணீர்தான் படகைத் திருப்புகிறது. ஒரேயடியாக ஒடித்தால் தண்ணீர் பலகையை விட்டுப் பிரிந்து பின்னால் சுழிக்கும். அப்புறம் அது சுக்கான் இல்லை, பிரேக். ஹோபி 16 போன்ற சின்ன கேட்டமரானின் எடை சுமார் 145 கிலோதான். வேகம் போனால் போனதுதான். முகப்பு காற்றைப் பார்த்தபடி, பாய் படபடக்க நின்றுவிடும். பொழிக்குள் நின்றால் சிரித்துக்கொள்ளலாம். முட்டத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில் நின்றால் சிரிப்பு வராது.

அதனால் முதலில் வேகம் எடுங்கள். பிறகு சுக்கானின் கைப்பிடியை மெல்லத் தள்ளி, படகு திரும்பத் திரும்ப இன்னும் கொஞ்சம் கொடுங்கள். முகப்பு காற்றைத் தாண்டும்போது பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை ஒரு முழம் விடுங்கள். முன்பாயை உடனே மாற்றாதீர்கள். பழைய பக்கத்திலேயே இருந்தால் காற்று அதில் மோதி முகப்பைத் தள்ளிக்கொடுக்கும்.

போன வருஷம் ஒரு பையன், "அண்ணே, சுக்கான் இழுக்குது, கை கடுக்குது" என்றான். கைப்பலம் போதவில்லை என்று அவனாகவே முடிவுகட்டி, இரண்டு கையாலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வள்ளத்துக்கு ஒன்றாக இரண்டு சுக்கான் பலகைகள். எட்டிப் பார்த்தால் இடது பலகை முழுசாக இறங்கவில்லை, பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பொழியில் ஆழம் குறைவு என்பதால் பலகைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, அப்புறம்தான் இறக்குவோம். பூட்டுக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பித் துண்டு. அதை எடுத்துவிட்டுப் பலகையைச் செங்குத்தாகப் பூட்டியதும் இரண்டு விரலால் பிடித்து ஓட்டினான். பலகை சாய்ந்திருந்தால் தண்ணீரின் அழுத்தம், சுக்கான் திரும்பும் கீலுக்கு ரொம்பப் பின்னால் விழும். அந்தப் பாரம்தான் கைக்கு வருகிறது. இரண்டு பலகையும் இணையாக இருக்கிறதா என்று டேப் வைத்தும் பாருங்கள்: முன்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரமும் பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சோம்பேறித்தனத்தில் நானே இதைப் பல நாள் விட்டிருக்கிறேன்.

ஆனி, ஆடியில் கடலுக்குள் யாரையும் கூட்டிப்போவதில்லை. யார் கேட்டாலும் சரி.

காற்றுக்கு நேரே நின்றுவிட்டால் பதறிப்போய்ச் சுக்கானை ஆட்டாதீர்கள். பெரிய பாயைத் தளர்த்துங்கள். படகு மெல்லப் பின்னால் நகரத் தொடங்கும். அப்போது சுக்கானின் கணக்கு தலைகீழ். முகப்பு இடது பக்கம் போக வேண்டுமானால் கைப்பிடியையும் இடது பக்கமே தள்ளுங்கள், முன்பாயை வலது பக்கமாகப் பிடியுங்கள். முகப்பு விலகிப் பாயில் காற்று நிறைந்ததும் சுக்கானை நேராக்கிவிட்டு, தாமானை மெல்ல இழுக்கலாம்.