டொமினியன்: ராஜ்யம் கேட்டவருக்குக் கிடைத்த சொல்

பள்ளிக்கூடத்தில் 'டொமினியன் அந்தஸ்து' என்று மனப்பாடம் செய்திருப்போம். 1929 லாகூர் காங்கிரஸ் அது போதாது, பூரண சுயராஜ்யமே வேண்டும் என்றது. ஆனாலும் 1947 முதல் 1950 வரை இந்தியா டொமினியனாகத்தான் இருந்தது. இலங்கை 1972 வரை. சரி, டொமினியன் என்றால் என்ன?

லத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு, 'டோமினுஸ்' வீட்டின் எஜமான், 'டோமினியும்' அவருக்குரிய உடைமை. ஆண்டையும் பண்ணையும் போல. இந்தச் சொல் ஒரு நாட்டின் பட்டமானதற்குக் காரணம் கனடா அரசியல் தலைவர் ஜான் ஏ. மெக்டொனால்ட், அதுவும் அவர் விரும்பிக் கேட்டதல்ல.

கிளாஸ்கோவில் 1815இல் பிறந்து, ஐந்து வயதில் கனடாவின் கிங்ஸ்டனுக்கு வந்து வழக்கறிஞரானவர். கனடா மாகாணம், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் ஆகிய பிரிட்டிஷ் குடியேற்றங்களை ஒன்றாக்க 1864இல் சார்லட்டவுனிலும் கியூபெக்கிலும் பேசி, 1866 டிசம்பரில் லண்டன் ஓட்டல் ஒன்றில் சட்ட வரைவுக்கு உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு ராத்திரி மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துச் செய்தித்தாள் படித்தபடியே மெக்டொனால்ட் தூங்கிப்போக, படுக்கை தீப்பிடித்தது. தோளில் காயத்தோடு தப்பினார்.

அவர் வரைவில் எழுதவைத்த பெயர் 'கனடா ராஜ்யம்'. பக்கத்திலேயே குடியரசான அமெரிக்கா. ராஜா, ராஜ்யம் என்றால் அவர்களுக்கு உறுத்தும் என்று லண்டன் தயங்கியது. 1889இல்கூட ஒரு கடிதத்தில் மெக்டொனால்ட் இதைச் சொல்லிக் குறைபட்டிருக்கிறார். நியூ பிரன்சுவிக்கின் லெனர்ட் டில்லி, பைபிளில் 72ஆம் சங்கீதத்தைக் காட்டி 'டொமினியன்' என்று யோசனை சொன்னதாக வழிவழியாகச் சொல்வார்கள். தமிழ் பைபிளில் அந்த வசனம், "ஒரு சமுத்திரந்தொடங்கி மறுசமுத்திரம்வரைக்கும்… அவர் அரசாளுவார்" என்று இருக்கிறது. ஆங்கில பைபிளில் 'டொமினியன்' என்று இருக்கும் பெயர்ச்சொல் தமிழில் 'அரசாளுவார்' என்று வினையாகிவிட்டது, பாருங்கள். 1867 ஜூலை 1 அன்று கனடா டொமினியன் ஆனது; மெக்டொனால்ட் முதல் பிரதமர்.

கடல்முதல் கடல்வரை என்பதை 1885இல் ரயில் பாதை போட்டு நிறைவேற்றினார். இடையிலிருந்த நிலம் பூர்வகுடிகளுடையது. அவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கும் ஏற்பாடும் அவர் ஆட்சியில்தான் வலுப்பெற்றது. டொமினியனின் பழைய பொருளான 'எஜமான் உடைமை' இங்கே அப்பட்டம். அண்மையில் அவர் சிலைகள் சில அகற்றப்பட்டதும் இதனால்தான்.

தமிழில்? 'குடியேற்ற நாட்டு அந்தஸ்து' என்பது சரிப்படாது. அது காலனிக்கான சொல், அதிலிருந்து ஒரு படி மேலே ஏறியதுதான் டொமினியன். பழைய பொருளுக்கு 'ஆள்புலம்' போதும். 1947இன் இந்தியாவுக்கு 'முடிக்குட்பட்ட தன்னாட்சி நாடு' என்பேன். கனடாவின் பட்டப்பெயரை மட்டும் டொமினியன் என்றே விட்டுவிடலாம்.