ஓடை இடிக்கும் மண், துள்ளும் தகடு

ஜப்பானின் கியூஷு தீவில், ஹித்தா நகரை ஒட்டிய மலைக்குள் இருக்கும் குயவர் ஊர் ஓன்தா. பக்கத்து மலையூரான கொய்ஷிவாராவிலிருந்து 1705-இல் வந்த குயவர் ஒருவரால் இங்கே தொழில் தொடங்கியது. இன்றும் ஏறக்குறைய பத்துக் குடும்பங்கள்தான் வனைகின்றன. வெளியாட்களைச் சேர்ப்பதில்லை, அப்பாவிடமிருந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் தொழில் போகும்.

வெறும் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எத்தனை பேர் வனையலாம் என்ற அளவை வைப்பது ஊர் ஓடை. மலையில் வெட்டியெடுக்கும் மண் கல் போலக் கெட்டியானது. அதை இடிப்பது 'கராஉசு' என்ற நீர் உலக்கை: நீண்ட மரத்தின் ஒரு முனையில் தொட்டி, மறுமுனையில் உலக்கை. தொட்டியில் ஓடைநீர் நிறைந்ததும் அந்தப் பக்கம் தாழும், நீர் கொட்டும், உடனே உலக்கை தொப்பென்று மண்ணில் விழும். இரவும் பகலும், வாரக்கணக்கில் இதே வேலை. அப்புறம் கரைத்து, வடித்து, உலர்த்த வேண்டும். அப்பாவும் மகனும் வனைய அந்த மண் போதும். மூன்றாவது ஆளுக்கு மிஞ்சாது.

இந்த மண்ணில் இரும்பு அதிகம், சுட்டால் கருத்துவிடும். அதனால் மேலே வெண்களிமண் குழம்பைப் பூசுகிறார்கள். ஓன்தாவின் அடையாளமான 'தொபிகன்னா' கோலம் பிறப்பது இந்தப் பூச்சில்தான். பாதி உலர்ந்த பாத்திரம் சக்கரத்தில் சுழல, வளைந்த மெல்லிய எஃகுத் தகட்டின் நுனியை அதன்மேல் லேசாக வைக்கிறார் குயவர். மண் நுனியை இழுக்கும், தகடு வளையும். தாங்காத கட்டத்தில் விடுபட்டுத் துள்ளி அடுத்த இடத்தில் கொத்தும். கொத்திய இடமெல்லாம் வெள்ளை போய் அடிமண் தெரியும். லேத் பட்டறையில் இதே அதிர்வு வந்தால் வேலை கெட்டது என்பார்கள். இங்கே அதுவே கோலம், எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

கொத்துகளின் இடைவெளியைத் தகட்டின் விறைப்பு, சக்கரத்தின் வேகம், மண்ணின் ஈரம் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சக்கரமோ காலால் உதைத்துச் சுற்றுவது. ஈரம் கொஞ்சம் கூடினால் தகடு துள்ளாமல் இழுபடும். காய்ந்துவிட்டால் பூச்சு சில்லாகப் பெயரும். சரியான பதம் மழைநாளில் ஒரு நேரம், வெயில்நாளில் வேறு நேரம் வரும். பிள்ளை அதை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டுத்தான் பழகுகிறான்.

மண் ஊருக்குப் பொது, பெரிய சூளையும் பல வீடுகளுக்குப் பொது. பாத்திரத்தில் யாரும் தன் பெயரைப் பொறிப்பதில்லை. 1995-இல் ஜப்பான் அரசு இந்தக் கலையை முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோதும், அந்தச் சிறப்பைத் தனி ஒருவருக்குத் தரவில்லை. குயவர்கள் எல்லாரும் சேர்ந்த குழுவுக்கே தந்தது.