வாதம் என்றால் எந்த வாதம்?

வெள்ளவத்தையில் ஒரு குடும்ப டொக்டரிடம் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு அம்மா கதிரையில் இருக்க முன்னமே சொல்லிவிடுவார்: "டொக்டர், எனக்கு வாதம்." டொக்டரும் விடமாட்டார். "எந்த வாதம் அம்மா?"

கேட்கத்தான் வேண்டும். பாரிசவாதம் மூளையின் இரத்தக்குழாயில் வருவது. இளம்பிள்ளைவாதம் வைரஸால் வருவது. வாதக்காய்ச்சல் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்துபோன பிறகு மூட்டையும் இதய வால்வையும் தாக்குவது. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தின்னும். நான்குக்கும் பெயரில்தான் உறவு.

இந்த வாதம் வடமொழியின் 'வாத', அதாவது காற்று. வழக்காடும் வாதம் வேறு சொல். அதில் வருவது வடமொழியில் மெலிந்து ஒலிக்கும் 'த'கரம். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் ஒன்றாகிவிட்டன. காற்றுக்கு நம்மிடம் 'வளி' இருந்தது. "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று 941ஆம் குறள் சொல்வது இந்த வாத, பித்த, கபத்தைத்தான். ஆனால் இன்று யாரும் டொக்டரிடம் "எனக்கு வளி" என்று சொல்வதில்லை. சரி, போகட்டும்.

மேற்கிலும் கதை பெரிதாக மாறவில்லை. ரூமாட்டிசம் என்பதன் வேர் கிரேக்கத்தில் 'ஒழுகுவது'. கெட்ட நீர் உடம்புக்குள் வழிந்து மூட்டில் தேங்குகிறது என்று நம்பினார்கள். கால் பெருவிரலை நடுச்சாமத்தில் நெருப்பாக்கும் கவுட் நோயின் பெயரும் லத்தீனில் 'துளி'. அங்கே நீர், இங்கே காற்று. 1859இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கரோட், ரூமாட்டிசம் போன்ற இன்னொன்று என்ற பொருளில் ருமாட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர் வைத்தார். நாம் முடக்குவாதம் என்பது இதைத்தான்.

ஆர்த்ரைட்டிஸுக்குச் சரியான தமிழ் மூட்டழற்சி. மூட்டுதல் என்றால் இணைத்தல். துணியைச் சேர்த்துத் தைப்பதும் மூட்டுவதுதான். சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆயிற்று. சூடு, சிவப்பு, வீக்கம் எல்லாம் அந்த நெருப்புக்குள் அடக்கம். நல்ல சொல்தான். ஆனால் வயதானவர்களின் முழங்கால் வலியில் பெரும்பாலும் தேய்வே முன்னுக்கு நிற்கும். அதை மூட்டுத்தேய்வு என்று பிரித்துச் சொல்வதே நேர்மை.

பிரிப்பதற்கு டொக்டர் முதலில் கேட்பது ஒரு கேள்வி: "காலையில் எழும்பினால் விரலை மடக்க எவ்வளவு நேரம் போகுது?" பத்து நிமிடத்தில் இளகினால் பெரும்பாலும் தேய்வு. அரை மணி, ஒரு மணி நேரம் போயும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாவிட்டால் முடக்குவாதமோ என்று யோசிக்கவேண்டும். பிறகு அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்து, விரல்கள் தொடங்கும் முட்டிகளைப் பக்கவாட்டில் மெதுவாக அமத்துவார். முகம் சுளித்தால் இரத்தப் பரிசோதனை, தேசிய வைத்தியசாலையின் வாதநோய் கிளினிக்குக்குக் கடிதம். எலும்பு அரிக்கப்பட முன்னமே மருந்து தொடங்கவேண்டும் என்பதால், வலிமாத்திரையிலேயே மாதக்கணக்கில் ஓட்ட விடமாட்டார்.

முடக்கு என்ற சொல்லைக் கேட்டதும் சனம் பயப்படுகிறது. மருந்தில்லாத காலத்துப் பெயர் அது. முடக்கொத்தான் இலையின் பெயரை விரித்தால் 'முடக்கு அறுத்தான்'. ரசம் வைத்துக் குடிக்கட்டும், கிளினிக் மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது. சிக்குன்குனியாவின் பெயரும் இதே சாதி: தான்சானியாப் பக்கத்து மக்கொண்டே மொழியில் 'வளைந்து முடங்குவது'. 2006இல் அது இங்கே பரவிய பிறகு மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் "வாதம்" என்றுதான் சொன்னார்கள்.

அப்புறம், என் மேசையில் நடந்த ஒன்று. முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் போடவேண்டும். தினமும் போட்டால் வாய் புண்ணாகும், எலும்பு மச்சை கெடும், உயிருக்கே ஆபத்து. நான் உறையில் 'கிழமைக்கு ஒருதரம்' என்று எழுதியிருந்தேன். இலங்கையில் நமக்குக் கிழமை என்றால் வாரம். சென்னையிலிருந்து மகளிடம் வந்து தங்கியிருந்த ஒரு ஐயாவுக்கோ அது திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று ஒவ்வொரு நாளும். மூன்றாம் நாளே மகள் போன் எடுத்துக் கேட்டதால் தப்பினோம். இப்போது 'ஞாயிறு இரவு மட்டும்' என்று எழுதி, மற்ற ஆறு நாளின் பெயரையும் கீழே வெட்டிக் காட்டுகிறேன்.