ப்ளூபிரிண்ட்: தமிழில் என்ன சொல்வது?

கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் மச்சான் வீடு கட்டுகிறார். போன வாரம் வேலை நடக்கும் இடத்தில் "ஏன் மாப்ள, ப்ளூபிரிண்டுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கொத்தனார் அண்ணாச்சி "நீலப்படம்" என்று போட்டாரே ஒரு போடு, சித்தாள்கள் வரைக்கும் சிரித்துவிட்டார்கள்.

அவர் மேல் தப்பில்லை, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுதான் வரும். ஆனால் அந்த நீலம் வரைபடத்தோடது இல்லை, நகல் எடுத்த முறையோடது. 1842இல் ஜான் ஹெர்ஷெல் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்டுபிடித்தது: இரும்பு உப்புக் கலவை பூசிய தாளின் மேல் மெல்லிய தாளில் வரைந்த படத்தை வைத்து வெயிலில் காட்டி, அப்புறம் தண்ணீரில் அலசினால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நீலமாகிவிடும், கோடு மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பிறகு அமோனியா ஆவியில் நகல் எடுக்கும் அமோனியா பிரிண்ட் வந்து வெள்ளைத் தாளில் நீலக் கோடு என்று தலைகீழானது. இப்போது பிளாட்டர் என்கிற பெரிய தாள் பிரிண்டரில் கறுப்புக் கோடாகவே வருகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு, தாளில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்வதுதான் சரி. 'வரைபடம்' என்று மட்டும் சொன்னால் பலருக்கு ஊர் மேப்தான் நினைவுக்கு வரும். அறை, வாசல், ஜன்னல் இருந்தால் கட்டட வரைபடம். பில்லர், பீம், அஸ்திவாரம் என்று எடை தாங்குகிறவற்றைக் காட்டுவது கட்டமைப்பு வரைபடம். அண்ணாச்சி விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்த தாள் அதுதான்: 16 எம்.எம். கம்பி நாலு, 8 எம்.எம். ரிங், 150 எம்.எம். இடைவெளி. அரசியல்வாதி "ப்ளூபிரிண்ட் ரெடி" என்றால் அது வெறும் செயல்திட்டம்.

பார்த்ததை வைத்துப் பெயர் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. பாலத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை டிராயிங்கில் 'ஸ்பான்' என்று போடுவார்கள், அதை நாம் 'கண்' என்கிறோம், மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் கழுதுருட்டி ரயில் பாலத்துக்குப் பெயரே பதிமூன்று கண் பாலம்தான்.

இதையெல்லாம் கேட்ட அண்ணாச்சி, "அப்போ இதைக் கம்பிப்படம்னு சொல்லிட்டுப் போவோம்" என்றார். நல்ல சொல்தான். ஆனால் ஆரியங்காவு தாண்டி வேலைக்குப் போகும்போது சொல்லிவிடாதீர்கள், மலையாளக் கொச்சையில் அதுவும் நீலப்படம்தான்.