கந்தா சென்று நல்ல பழம் வாங்கு

தலைப்பை எழுத்தெண்ணிப் படித்துப் பாருங்கள். எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். ‘சென்று’ என்பதில் ‘று’வை மட்டும் உருவிவிட்டு, பழையபடி மும்மூன்றாகவே படித்தால் இப்படி வரும்: கந்தா சென்ந ல்லப ழம்வா ங்கு. கந்தா வரைக்கும் சரி, அப்புறம் உளறல். அதை விட்டுவிட்டு ‘நல்ல’ என்ற மூன்றெழுத்தையும் மொத்தமாக எடுத்தால்? கந்தா சென்று பழம் வாங்கு. சொத்தையோ நல்லதோ, பழம் வீட்டுக்கு வந்துவிடும்.

நம் செல்களும் மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் படிக்கின்றன. மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. இடையில் இடைவெளி கிடையாது, எண்ணிக்கை ஒன்றுதான் துணை.

டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதத்தில் இந்தக் கணக்கு ஒரு சிறுவனின் நடையையே தீர்மானிக்கிறது. இந்தப் புரதம் இருபுறமும் கொக்கி வைத்த நீளமான கயிறு மாதிரி. ஒரு கொக்கி தசைநாருக்குள் இருக்கும் ஆக்டின் இழையைப் பிடிக்கும், மற்றது செல்சவ்வில் பதிந்த புரதங்களைப் பிடிக்கும். நடுவே, ஒரே மாதிரியான 24 துண்டுகள் கோத்த தண்டு. தசை சுருங்கி விரியும்போதெல்லாம் சவ்வு கிழியாமல் காப்பது இதன் வேலை. இது இல்லாவிட்டால் சவ்வு கிழிகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. தசைக்குள் இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ் நொதி ரத்தத்தில் கசிகிறது. தரையில் உட்கார்ந்த பையன், தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறித்தான் எழுவான். இதுதான் டூஷேன் தசைச்சிதைவு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது.

இந்த மரபணுவில் 79 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான செய்தி உள்ள துண்டுகள். 50ஆவது எக்ஸானில் 109 எழுத்துகள். அது தொலைந்தால், 109ஐ மூன்றால் வகுக்க மீதி ஒன்று நிற்கும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ‘சென்ந ல்லப’. சீக்கிரமே ‘நிறுத்து’ என்ற குறி குறுக்கே வந்து, சவ்வைப் பிடிக்கும் கொக்கி உருவாகாமலே போகும். 233 எழுத்துள்ள 51ஆவதும் சேர்ந்து தொலைந்தால் இழப்பு 342. மூன்றால் வகுபடும் எண்! நடுத்தண்டில் 114 அமினோ அமிலங்கள் குறையும், இரண்டு கொக்கியும் இருக்கும். நோய் வரும்தான், ஆனால் பெக்கர் எனப்படும் மிதமான வகையாக. மீதி நின்றால் கடுமை, வகுபட்டால் மிதம் என்ற இந்த விதி ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குப் பொருந்துகிறது.

2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எடெப்லிர்சென் இந்தக் கணக்கை வைத்தே செய்த மருந்து. 50ஆவது தொலைந்தவர் போன்றோருக்கு, 51ஆவது எக்ஸானையும் செல்லின் கண்ணில் படாமல் மறைத்துத் தாண்ட வைத்து, கணக்கை மறுபடி மூன்றுக்குக் கொண்டுவருகிறது. யோசனை அபாரம், ஆனால் அதனால் உருவான புரதம் மிகச் சொற்பம் என்பதால் அனுமதி கொடுத்ததே பெரிய சர்ச்சையானது.

இன்னொரு வழி, புது மரபணுவையே வைரஸில் ஏற்றி அனுப்புவது. சிக்கல் இடம்தான்: புரதச் செய்தி மட்டுமே சுமார் 11,000 எழுத்து, வைரஸில் ஏறுவதோ 5,000க்கும் குறைவு. தண்டை வெட்டியே ஆக வேண்டும். அப்படி வெட்டலாம் என்ற துணிச்சல், 1990இல் வெளியான ஒரு ஆய்விலிருந்து வந்தது. அதில் சொல்லப்பட்ட ஒரு நோயாளியின் மரபணுவில் டிஸ்ட்ரோஃபின் செய்தியில் 46 சதவீதம் இல்லை. 61 வயதிலும் அவர் நடந்துகொண்டிருந்தார்.